சடைநாய் வந்த வழி

சென்னை, பெங்களூருல இருக்க சொந்தக்காரப் பிள்ளைக போன் பண்ணினா, வயலைப் பத்தி ரெண்டு வார்த்தை விசாரிச்சுட்டு, "மாமா, பிளாட்டுல வளக்கதுக்கு ஒரு சின்ன நாய் சொல்லுங்க"ன்னு கேக்காங்க. பேரைச் சொல்லதுக்கு முன்னால நான் ஒரு கதை சொல்லுவேன். உங்களுக்கும் சொல்லுதேன்.

எங்க நாஞ்சில் நாட்டுல நாய்க்கு வீட்டுக்குள்ள இடம் கிடையாது. கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகத்துக்கும் களத்துல நெல்லுக்குக் காவல் கிடக்கணும், மத்த நாள்ல தொழுவத்துல மாட்டுக்குக் காவல். சாப்பாடு மிச்சச் சோறும் மீன் தலையும். 1956-ல திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோட சேர்ந்தோம், ஆனா நாய் திண்ணைக்குக் கீழதான் கிடந்துச்சு.

எனக்குத் தெரிஞ்சு எண்பதுகள்லதான் வெள்ளைச் சடைநாய் எங்க ஊருக்குள்ள வந்துச்சு. வளைகுடாவுக்குப் போனவங்க கட்டின மாடி வீடுகள்லதான் முதல்ல பார்த்தேன். கேட்டுல 'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு பெருசா போர்டு தொங்கும். உள்ள எட்டிப் பார்த்தா ஒரு கோழியைக்கூட வெரட்டாத ஜிம்மி. என்ன ஜாதின்னு கேட்டா "பொமரேனியன்"னு பெருமையாச் சொல்லுவாங்க.

உண்மையில அது பொமரேனியன் இல்ல. பொமரேனியாங்கது பால்டிக் கடலோரத்துல, இன்னைக்கு ஜெர்மனியிலயும் போலந்துலயுமா பிரிஞ்சு கிடக்க பகுதி. அந்தப் பேர்ல இங்கிலாந்துக்குப் போன நாய்கள் முதல்ல பெருசாத்தான் இருந்துச்சு. விக்டோரியா ராணி 1888-ல இத்தாலியில ஃபிளாரன்ஸ் போனப்போ மார்கோன்னு ஒரு சின்ன நாயை வாங்கிட்டு வந்தாங்க. ராணி வச்சிருந்தா ஊரே கேக்கும்லா? சின்னதாப் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கி, இன்னைக்கு அசல் பொமரேனியன் 3 கிலோவுல வந்து நிக்குது. 1901-ல ராணி சாகக் கிடந்தப்போ கட்டில்ல பக்கத்துல துரின்னு ஒரு பொமரேனியன் இருந்துச்சு.

நம்மூரு சடைநாய் அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், பேரு இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரன் காலத்துல ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில வந்து, நம்ம வெயிலுக்குப் பழகி இங்கயே பெருகின ஜாதி. சின்ன வகை 5-ல இருந்து 7 கிலோ வரும். பெரிய வகை 12 கிலோவுக்கு மேல. 1991-க்கு முன்னால வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்யது லேசான காரியம் இல்ல. அதனால நாடு முழுக்க இதுதான் வீட்டு நாய். 1994-ல வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்துல டஃபின்னு வாறதும் இதே ஜாதிதான்.

பிறகு 2003-ல ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்துச்சு. ஒரு சின்னப் பையன் போற இடமெல்லாம் பின்னாலயே ஒரு பக் நாய் போகும். அம்புட்டுதான், எல்லாருக்கும் பக் வேணும். பார்க்க அழகுதான், ஆனா மூக்கு சப்பை. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு இரைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளணும். மூச்சு போற வழியே குறுகலா இருந்தா சித்திரை வெயில்ல அது என்ன செய்யும்? 2016-ல மத்திய அரசு வியாபாரத்துக்கு நாய் இறக்குமதி பண்ணதைக் கட்டுப்படுத்திச்சு. அதுக்குள்ள இங்கயே குட்டி போட்டுப் பெருகியாச்சு.

வாங்கினவனுக்குச் சலிச்சுப் போனா என்ன நடக்குன்னு எங்களுக்குத்தான் தெரியும். டவுன்ல இருந்து கார்ல கொண்டுவந்து எங்க கால்வாய்க் கரையில விட்டுட்டுப் போறாங்க. முன்னால சடைநாய், இப்போ பக். கழுத்துல பெல்ட் தடம் அப்படியே இருக்கும். ஊர் நாய்க அதைச் சேக்காது. போற காருக்கெல்லாம் பின்னால ஓடும், தன் வீட்டு வண்டின்னு நினைச்சு. பட்டினி கிடக்கும்படியா கைவிடது 1960-ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதுல எழுதியிருக்க அபராதம் முதல் தடவைக்கு 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரை. நாய்க்குப் போட்ட பிஸ்கெட் செலவுகூட அதைவிட ஜாஸ்தி.

என்னைக் கேட்டா பிளாட்டுக்குச் சடைநாய் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறையெல்லாம் ஓட இடம் கேக்கும், அடைச்சுப் போடது பாவம். சடைநாய்க்கும் குறை உண்டு. காலிங் பெல் அடிச்சா குலைச்சுத் தள்ளும், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். வெயில்னு சொல்லி முடியை ஒட்ட வழிச்சுராதீங்க, அந்தச் சடைதான் தோலுக்கு நிழல். தினமும் சீவி விடணும். காது மடல், விரல் இடுக்குல உண்ணி இருக்கான்னு பார்க்கணும். மழைக்காலத்துல ஈரம் காயாம விட்டா தோல்ல புண்ணு வரும். மூணு மாசத்துல வெறிநோய் ஊசி, பிறகு வருசா வருசம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகவே ஆகாது. குட்டி வாங்கும்போது தாயைக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னு சொல்லுதவன்கிட்ட வாங்காதீங்க. தெருக்குட்டி ஒண்ணை எடுத்து வளத்தா இன்னும் நல்லது, காசும் மிச்சம்.

நல்லாப் பார்த்தா 12 வருசத்துக்கு மேலயும் இருக்கும். பிள்ளை ஒண்ணாம் கிளாஸ் போறப்போ அடம்புடிச்சு வாங்கின நாய், அவன் ஹாஸ்டலுக்குப் போறப்பவும் வீட்டுலதான் கிடக்கும். அப்போ அதைக் காலையில யாரு வெளிய கூட்டிட்டுப் போறதுன்னு இப்பவே வீட்டுல பேசிக்கிடுங்க.