சிங்கப்பூரின் மூலைக் கடைவீடுகள்

சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வழக்கில் ‘கடைவீடு’ என்றொரு சொல் உண்டு. கீழ்த்தளத்தில் வணிகமும் மேல்தளத்தில் குடியிருப்புமாக அமைந்த கட்டடத்தை அது குறிக்கும். கடை என்ற சொல்லுக்கு வாயில் என்றும் இறுதி என்றும் தமிழில் பழைய பொருள்கள் உள்ளன. புழைக்கடை என்று நாம் சொல்வது வீட்டின் பின்புறத்தைத்தான். ஆகவே, இரு தெருக்கள் கூடும் முனையில், வரிசையின் இறுதியில் நிற்கும் கடைவீட்டிற்கு இப்பெயர் இருவகையிலும் பொருந்துகிறது.

இக்கட்டடங்களின் முகத்தோற்றத்தை வகுத்தது ஓர் ஆணை. 1822 நவம்பரில் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவிற்கு வழங்கிய அறிவுரைகளில், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகள் ஒரே வகையான முகப்புடன் இருக்கவேண்டும், ஒவ்வொன்றின் முன்னும் குறிப்பிட்ட ஆழமுள்ள தாழ்வாரம் பொதுவழியாகத் திறந்திருக்கவேண்டும் என்று கூறப்பட்டது. இத்தாழ்வாரமே ‘ஐந்தடி வழி’. பேச்சில் அது ‘அஞ்சடி’ ஆயிற்று. அளந்து பார்த்தால் பல இடங்களில் ஐந்தடிக்கு மேலும் இருக்கும். நிலம் உரிமையாளருடையது, நடக்கும் உரிமை ஊருக்குரியது. நம் ஊர்த் திண்ணைக்கு உறவுபோல் தோன்றினும், திண்ணை உட்காரச் சொல்வது, அஞ்சடி நடக்கச் சொல்வது. ஆயினும் கடைக்காரர்கள் அங்கே சரக்கை அடுக்கினார்கள். முடிதிருத்துவோரும் சிறு வணிகரும் இடம்பிடித்தார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி அதனை அகற்ற முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது. வரலாற்றில் அது ‘தாழ்வாரக் கலகம்’ எனப்படுகிறது.

கட்டடத்தின் உள்ளமைப்பு மரத்தின் நீளத்தைப் பொறுத்தது. இருபுறமும் அண்டை வீட்டோடு பகிரும் செங்கற்சுவர். அச்சுவர்களுக்கிடையே மர உத்திரங்கள். உத்திரம் தாங்கும் நீளமே வீட்டின் அகலம், பெரும்பாலும் 16 முதல் 20 அடி. அகலம் குறுகியதால் வீடு பின்னோக்கி நீண்டது. அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம். பக்கச் சுவர்களில் சாளரம் வைக்க வழியில்லை. எனவே நடுவில் கூரையைத் திறந்து, வெளிச்சமும் காற்றும் மழையும் இறங்கும் முற்றம் ஒன்றை விட்டார்கள். செட்டிநாட்டு வீட்டின் வளவைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

மூலைவீட்டிலோ இந்த நெருக்கடி தளர்கிறது. அதன் ஒரு நெடுஞ்சுவர் பக்கத்துத் தெருவைப் பார்க்கிறது. முன்பின் அறைகளுக்கு மட்டுமே கிடைத்த வெளிச்சம், இங்கே சாளர வரிசை வழியாக வீட்டின் முழு நீளத்திற்கும் கிடைக்கிறது. அஞ்சடி பல இடங்களில் முனையில் திரும்பி இரு தெருக்களையும் இணைக்கிறது. கடைக்கு இருபுறமும் வாயில் வைக்கலாம். காப்பிக்கடைகள் மூலைகளை நாடியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. பிற்காலக் கட்டடங்களில் அந்த முனையைச் சாய்வாக வெட்டியோ வளைத்தோ தனி முகப்பாக்கினார்கள். மேல்வீட்டுப் படிக்கட்டைப் பக்கத்தெருவில் தனி வாசலாக வைக்கவும் முடிந்தது; குடும்பத்தார் கடைக்குள் நுழையாமலே வீடு சேரலாம். நடுவரிசை வீட்டில் வணிகமும் வாழ்க்கையும் ஒரே கதவில் முட்டிக்கொண்டன.

தமிழர்க்கு இதில் பங்குண்டு. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கற்சூளை அமைத்தார். கட்டட ஒப்பந்தத் தொழிலும் செய்தார். மார்க்கெட் தெருவைத் தமிழர் ‘செட்டித் தெரு’ என்றே அழைத்தனர். அங்கிருந்த கிட்டங்கிகளில் பல நிறுவனங்கள் ஒரே கூடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒரு சாய்மேசை, ஒரு பெட்டகம், உட்காரச் சிறிது தரை; அவ்வளவே ஒரு நிறுவனம். பகலில் வட்டிக்கணக்கு நடந்த கட்டடத்திலேயே இரவில் உறங்கினார்கள். கடையும் வீடும் இத்தனை நெருங்கி வேறெங்கும் நின்றதாகத் தெரியவில்லை. நகரப் புதுப்பிப்பில் அக்கிட்டங்கிகள் இடிக்கப்பட்டுவிட்டன.

எஞ்சியவை பிழைத்தது ஒரு முரண். 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தியது. ஏழைகள் நகர நடுவிலேயே வாழ முடிந்தது. செப்பனிட உரிமையாளருக்குக் காரணமில்லாமல் போயிற்று. மேல்தளங்கள் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாயின. பலவற்றுக்குச் சாளரமே இல்லை. பாரிங்டன் கே 1950களில் மேல் நான்கின் தெருவில் ஆய்ந்து எழுதிய நூல் இந்நெரிசலைப் பதிவு செய்கிறது. பின்னர் மக்கள் அரசு அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தனர். 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகிய பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. வாடகைச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. இன்று 6,000க்கும் மேற்பட்ட கடைவீடுகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

பாதுகாப்பு விதிகள் சுவரை, முற்றத்தை, மரப்படியை, ஓட்டை, அஞ்சடியைப் பேணுகின்றன. மேலே ஒரு குடும்பம் இருக்கவேண்டும் என்று விதிக்க இயலாது. அதற்காக விதிகளைக் குறைசொல்வது நேர்மையாகாது என்பதே நம் கருத்து. சாளரமற்ற சிற்றறையில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் அடுக்ககத்தை விட்டுத் திரும்பிவரக் கேட்கவில்லை. ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல் அங்கே வாழாதவர்கள். ஆயினும் கட்டடத்தின் பெயரில் பாதி பொருளிழந்து நிற்பதை மறைக்க இயலவில்லை. மூலைக் கடைவீட்டின் கீழே உணவுக்கடை பல இடங்களில் தொடர்கிறது. பக்கத்தெருப் படிக்கட்டில் ஏறினால் அலுவலகமோ, தங்கும் விடுதியோ இருக்கிறது.