விளிம்புத் தோட்டாவும் இலக்குக் கைத்துப்பாக்கியும்

இலக்குச் சூட்டுப் போட்டியின் நடுவே கைத்துப்பாக்கியொன்று அடுத்த தோட்டாவை ஏற்காது நின்றுவிடின், அதற்கான காரணத்தைச் சுடுபவரின் கவனக்குறைவிலோ உற்பத்தியாளரின் தவறிலோ தேடுவதே வழக்கம். இவ்விரண்டும் இல்லாதவிடத்தும் அத்தடங்கல் நேர்ந்து வந்துள்ளது. இக்கருவியிற் பயன்படும் தோட்டா இக்கருவிக்கென ஆக்கப்பட்டதன்று என்பதே அதன் வரலாற்றுக் காரணமாகும்.

1845 அளவில் பாரிஸ் நகரில் புளோபேர் என்பவர் வீட்டுக்கூடங்களிற் சுடுதற்கேற்ற சிறு தோட்டாவொன்றை அமைத்தார். அவ்வழியில் வந்த .22 குறுந்தோட்டாவை, ஐக்கிய அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் 1857இல் தனது சுழல்துப்பாக்கிக்கென வெளியிட்டது. கூட்டின் அடியிற் புடைத்து நிற்கும் விளிம்பினுள்ளேயே தீப்பற்றும் மருந்து இடப்பட்டிருந்தமையால், விளிம்பை நீக்குதல் இயலாததாயிற்று. சுழல்துப்பாக்கியில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனியறை உண்டு. அங்கு விளிம்பு இடையூறன்று, தோட்டாவைத் தாங்கும் உறுப்பேயாகும். 1887இல் தோன்றிய .22 நீள் ரைபிள் தோட்டாவும் இவ்விளிம்பையே உரித்தாகப் பெற்றது.

1890களில் தானே மறுதோட்டா ஏற்றும் கைத்துப்பாக்கிகள் பரவத் தொடங்கியபின் நிலைமை மாறியது. ரவைக்கூட்டினுள் தோட்டாக்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்பிற்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டால், அது முன்னகர மறுக்கும். பிறௌணிங் வடிவமைத்து 1915இல் கோல்ற் நிறுவனம் வெளியிட்ட .22 கைத்துப்பாக்கியிற் போன்று ரவைக்கூட்டைச் சாய்வாக அமைத்தமை இதனைக் குறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை. ரவைக்கூட்டின் மெல்லிய உதடுகள் சிறிது வளைந்தாலும் தோட்டாவின் முனை வெடியறை வாயில் முட்டிவிடும். அனுபவமுள்ள திருத்துநர் துப்பாக்கியைக் கழற்றுமுன் வேறொரு ரவைக்கூட்டை இட்டுப் பார்ப்பதன் நியாயம் இதுவே. வெடியறையிற் படியும் மெழுகும் எரியாத மருந்துத் துகளும் அடுத்தபடியாக நோக்கத்தக்கன.

ஆயினும் சிக்கலின் ஆழமான வேர் வேறிடத்திலுள்ளது. பின்னுதைப்புக் குறையுந்தோறும் குறி பிசகாது நிற்கும். ஆனால் பின்னகரும் பாகத்தை இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றுவதும் அதே விசையே. சுடுபவர் விரும்பும் மென்மை பொறிக்குப் பகையாகிறது. இம்முரண்பாடு விரைவுச் சூட்டுப் போட்டியிலே மிகத் தெளிவாக வெளிப்பட்டது. ஐந்து இலக்குகளை நான்கு விநாடிகளுள் சுட வேண்டிய அப்போட்டியாளர், வலுக்குன்றிய குறுந்தோட்டாவை நாடினர். 1936 பேர்லின் ஒலிம்பிக் காலத்து வால்தர் ஒலிம்பியாவின் விரைவுச் சூட்டு வகையில், அம்மெல்லிய விசைக்கும் அசையத்தக்கதாகப் பின்னகரும் பாகம் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்டிருந்தது. தோட்டாவைத் திருத்த இயலாதவர் துப்பாக்கியைத் திருத்தினர் எனலாம்.

.38 ஸ்பெஷல் என்னும் பிறிதொரு சுழல்துப்பாக்கித் தோட்டாவிலும் இக்கதை தொடர்ந்தது. அதற்கென 1961இல் வெளிவந்த சிமித் அன்ட் வெசன் 52ஆம் மாதிரியின் ரவைக்கூடு ஐந்து தோட்டாக்களையே கொண்டது. தட்டைமுனைச் சன்னம் கூட்டின் வாயுடன் சமமாக அமிழ்ந்திருத்தலும் வேண்டும்.

போட்டி விதிகளும் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டன. தோட்டா சிக்குதல் ‘அனுமதிக்கத்தக்க தடங்கல்’ எனக் கொள்ளப்பட்டு மீண்டும் சுட வாய்ப்பளிக்கப்பட்டது. தோட்டா இட மறந்தவருக்கு அவ்வாய்ப்பில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் பின்னர், 2005இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகள் குறுந்தோட்டாவை விரைவுச் சூட்டுப் போட்டியிலிருந்து அகற்றி, நீள் ரைபிள் தோட்டாவைக் கட்டாயமாக்கின. விளிம்பு மட்டும் அவ்வாறே எஞ்சியது.