இளையோரும் போதையும்: சட்டம் நடந்து வந்த வழி

மதுவும் கஞ்சாவும் இளையோரைப் பற்றும்போது சட்டம் யாரைத் தண்டிக்கிறது? வடசென்னையின் தொழிற்பகுதியில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டளவான வினா அன்று. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் அயலூராகிய மாத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அங்கும் ஒரு மகன் பிடிபட்டால், பெற்றோர் முதலில் தேடுவது சட்டம் அறிந்த ஒருவரையே.

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் வருவாயையே முதன்மையாகக் கருதியது. 1893–94இல் ஆராய்ந்த சணல் போதைப்பொருள் ஆணைக்குழுவும் கஞ்சாவை முற்றிலும் தடுக்கப் பரிந்துரைக்கவில்லை. வரியும் உரிமமும் போதும் என்றது. குற்றம் புரிந்த சிறுவரைத் தனியே விசாரிக்கும் வழியை 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம் வகுத்தது.

1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. அச்சட்டம் விற்பவனோடு அருந்துபவனையும் குற்றவாளி ஆக்கியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடியும் தளர்ந்த அவ்விலக்குக்குப் பின், 2003இல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே ஏற்றது. அவ்வாண்டின் விதிகள் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கலாகாது என்றன. கடமை விற்பவன்மேல் சுமத்தப்பட்டதையும், அவ்விற்பவன் அரசே என்பதையும் நாம் ஒருங்கே நோக்கவேண்டும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதனினும் தெளிவாகப் பேசுகிறது. 18 வயதுக்குட்பட்டவர்க்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவர்க்கும், அவரைக் கொண்டு அவற்றைக் கடத்துவோர்க்கும், 7 ஆண்டுவரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. சிறுவனோ இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தப்படுவான். அவன் பெயரை வெளியிடுதல் கூடாது.

ஆயினும் ஓர் இடைவெளி உளது. 19 வயதினன் மது வாங்கத் தகாத இளையவன். கஞ்சா புகைத்தால் அவனே முழு வளர்ச்சியுற்ற குற்றவாளி. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அவனுக்கு 6 மாதம்வரை சிறையோ, 10,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ நேரலாம். போதைக்கு அடிமையானவன் தானே விரும்பிச் சிகிச்சை பெற்றால் வழக்கினின்று காக்கும் 64ஏ பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. சிகிச்சையை இடையில் விட்டால் அக்காப்பு நீங்கக்கூடும்.

கொடுத்தவனைத் தண்டிக்கவும் வீழ்ந்தவனை மீட்கவும் சட்டம் மெல்லக் கற்றுவந்துள்ளது. அதன் பயன் எட்டவேண்டுமாயின், கலங்கி வரும் பெற்றோர்க்கு இப்பிரிவுகளை எடுத்துரைக்கும் அறிவு நம்மிடம் இருத்தல் வேண்டும்.