அடிபம்பு உருவான கதை

நம் ஊர்களில் தெருமுனையில் நிற்கும் அடிபம்புக்கு ‘இந்தியா மார்க் 2’ என்று பெயர். உலகில் மிக அதிகமாகப் பரவிய கைப்பம்பு வகைகளில் ஒன்று அது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் ஊர்மக்கள் அதில்தான் தண்ணீர் அடிக்கிறார்கள். இத்தனை பேர் தொட்ட கருவிக்குக் கண்டுபிடிப்பாளர் என்று ஒருவர் பெயர் நிலைக்கவில்லை. அதை மறதி என்று சொல்லிவிட முடியாது. பட்டறையில் பிறந்த ஒரு யோசனை, ஆய்வுக்கூடம், தொழிற்சாலை, கிராமத்துப் போர்வெல், தர ஆவணம் என ஒவ்வொரு படியிலும் திருத்தப்பட்டே இந்த பம்பு உருவானது. இதன் உயிர் அந்தத் திருத்தங்களில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

1960களின் நடுவில் வட இந்தியாவில் மழை பொய்த்தது. பீகாரில் வறட்சி கடுமையானபோது, கடினப் பாறையையும் துளைக்கும் ரிக் இயந்திரங்களை 1967இல் யுனிசெஃப் கொண்டுவந்தது. துளை போடுவது அதன்பின் எளிதாகிவிட்டது. துளையின் தலையில் வைத்த பம்புகள்தான் காலை வாரின. ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணைவீடுகளில் ஒரு குடும்பம் பயன்படுத்திய பம்பைப் பார்த்து வார்ப்பிரும்பில் செய்தவை அவை. இங்கே ஊரே வரிசையில் நின்று விடிகாலை முதல் இருட்டும்வரை அடித்தது. கைப்பிடி உடைந்தது, அச்சு தேய்ந்தது, போல்ட் கழன்றது. 1970களின் நடுவில் எடுத்த கணக்கில் நாலு பம்புக்கு மூன்று பழுதாகிக் கிடந்தன. கிணறு வெட்டியும் தாகம் தீராத நிலை அது. தண்ணீர்த் திட்டமே தோற்றுவிடும் என்ற கட்டத்தில்தான், அடுத்த துளை போடுவதை விட பம்பைச் சரிசெய்வதே முதல் வேலை என்று பொறியாளர்களுக்குப் புரிந்தது.

அவர்கள் வெள்ளைத் தாளிலிருந்து தொடங்கவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிறிஸ்தவ மிஷன்களின் கிணற்றுப் பணியை ஒட்டிய பட்டறைகள் எஃகை வெல்டிங் செய்து தங்கள் பம்புகளைச் செய்திருந்தன. மற்றவை உடைந்தபோது அவை தாக்குப்பிடித்தன. சோலாப்பூர் பம்பின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். கைப்பிடியின் உள்முனையில் கால்வட்ட வடிவில் ஒரு வளைவு. அதன்மேல் படிந்து தொங்கும் சங்கிலி. சங்கிலியின் நுனியில் துளைக்குள் இறங்கும் கம்பி. கைப்பிடி எந்தக் கோணத்தில் இருந்தாலும் சங்கிலி வளைவை ஒட்டியே இறங்குவதால் கம்பி செங்குத்தாகவே இழுபடும். பக்கவாட்டு உதைப்பு இல்லை. அதனால் தேய்மானமும் குறைவு. கைப்பிடி சுழலும் இடத்தில் பால் பேரிங். கைப்பிடியே கனமான எஃகுக் கம்பி என்பதால், கீழே தொங்கும் கம்பியின் பாரத்துக்கு அது எதிர்ப்பாரமாகிறது. சிறு பிள்ளையும் தொங்கி அடித்துத் தண்ணீர் எடுக்க முடிகிறது.

அப்படியானால் பெருமை சோலாப்பூருக்கே போகட்டும், பின்னால் வந்தவர்கள் படியெடுத்தவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பட்டறையின் கைத்திறனில் நன்றாக வந்த பொருள், நூறு பட்டறைகளில் அதே தரத்தில் வருமா? மார்க் 2வின் வடிவமைப்பாளர்கள் இதற்குத்தான் விடை தேடினார்கள். சென்னையில் மெராடோ என்ற அரசு ஆய்வு நிறுவனமும், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரடாஸ் என்ற பொதுத்துறைத் தொழிற்சாலையும், யுனிசெஃப் பொறியாளர்களும் சேர்ந்து சோலாப்பூர் பம்பைத் திருத்தினார்கள். பம்பின் தாங்குதூண், துளைக்குள் இறக்கிய கேசிங் பைப்பைச் சுற்றி, அதைத் தொடாமல் கான்கிரீட்டில் ஊன்றப்பட்டது. அடிக்கும் அதிர்ச்சி துளைக்குப் போகாது, மேலே சிந்தும் அழுக்குத் தண்ணீரும் உள்ளே இறங்காது. நீர்மட்டம் ஆழத்தில் கிடந்த கோவைப் பகுதியில் மாதிரிகளைப் பொருத்திச் சோதித்தார்கள். எந்தப் பட்டறையில் செய்தாலும் அளவு பிசகாதபடி பாகங்களைப் பிடித்து நிறுத்தும் ஜிக்குகள் வந்தன. 1979இல் ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தரம் வந்தது. பம்பு ஆலையை விட்டுப் புறப்படுமுன் வெளியார் வந்து சோதிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. காப்புரிமை எதுவும் வைக்கவில்லை. தரத்தை எட்டும் எவரும் செய்யலாம். இவற்றை வெறும் அலுவலகக் காகிதமாகப் பார்ப்பவர்கள், முந்தைய வார்ப்பிரும்பு பம்புகளைச் சாய்த்ததில் ஒழுங்கில்லாத உற்பத்திக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கிறார்கள்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு. மார்க் 2 உறுதியானது, சரி. ஆனால் துளையின் ஆழத்தில் இருக்கும் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்தால், 32 மில்லிமீட்டர் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முழுத் தொடரையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1970களிலேயே மூன்று அடுக்குப் பராமரிப்பை வகுத்தது: ஊரில் ஒரு காப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் நடமாடும் குழு. இருந்தும், வண்டி வரும்வரை ஊர் காத்திருந்தது. பம்பைத் தினம் அடித்த பெண்களின் கையில் அதைத் திறக்கும் வழி இல்லை. இது நிச்சயமாக வடிவமைப்பின் குறைதான். பராமரிப்புத் துறையின் தலையில் கட்டித் தப்பிக்க முடியாது. பழுது பார்ப்பவரையும் பயனாளியாக எண்ணியிருந்தால் முதல் வரைபடத்திலேயே அது தெரிந்திருக்கும்.

அந்தக் குறையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோவைக்கே போனார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1980களில் அங்கே ஊர்ப் போர்வெல்களிலேயே பம்புகளை நிறுத்தி, எது எப்போது தேய்கிறது, எதைக் கழற்ற எவ்வளவு நேரமாகிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்தார்கள். தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது. அது பல மடங்கு உழைத்தது. குழாயை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, பிஸ்டனையும் அடிவால்வையும் குழாயைத் தூக்காமல் அதன் வழியாகவே உருவி எடுக்கும்படி செய்ததே மார்க் 3. சில எளிய கருவிகள் போதும், ஊரிலேயே திறந்து பார்க்கலாம். அதற்கும் விலை இருந்தது: அகன்ற குழாய் கனமானது, செலவும் கூடுதல், அதனால் மார்க் 2 எட்டிய ஆழத்துக்கு அதை இறக்க முடியவில்லை. நீர்மட்டம் மேலே இருந்த ஊர்களுக்கு மார்க் 3, ஆழத்தில் கிடந்த ஊர்களுக்கு மார்க் 2 என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.