பட்டமும் வாவும்: ஒரு விளையாட்டின் சொல்வரலாறு

ஒரு சொல் வாழ்வதற்கு அகராதி மட்டும் போதாது. அச்சொல் குறிக்கும் பொருள் மக்களின் கையில் புழங்க வேண்டும். கை மறந்த பொருளின் பெயரை நாவும் விரைவில் மறந்துவிடும். உழவும் நெசவும் குறைந்த ஊர்களில் அத்தொழில்களுக்குரிய சொற்கள் அருகியதை மொழியியல் மாணவர் அறிவர். விளையாட்டுச் சொற்களுக்கும் இதே நிலைதான். பட்டம் விடுதல் என்னும் விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் சொற்கள் வழியாகத் தமிழரும் மலாய்க்காரரும் அதனை எவ்வாறு கண்டனர் என்பதையும், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அதனை ஏன் மீட்டுத் தரவேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரிடும் முறை

வானில் பறக்கும் இந்தத் தாளுக்கு மக்கள் பெரும்பாலும் உவமையாலேயே பெயரிட்டனர். ஆங்கிலத்தில் 'கைட்' என்பது முதலில் ஒரு வகைப் பருந்தின் பெயர். செருமானியர் அதை வேதாளப் பாம்பு என்றனர். பிரெஞ்சுக்காரர் பறக்கும் மான் என்றனர். இசுப்பானியர் வால்வெள்ளி என்றனர். மலாய் மொழியில் 'லாயாங்' என்பது மிதந்து பறத்தலைக் குறிக்கும். அச்சொல்லை இரட்டித்து 'லாயாங்-லாயாங்' என்றால் பட்டம் ஆகும்; தகைவிலான் குருவிக்கும் மலாயில் அதுவே பெயர்.

திராவிட மொழிகளோ காற்றை முதன்மைப்படுத்தின. தெலுங்கில் காலிபடம், கன்னடத்தில் காளிபட. இரண்டிலும் முன்பகுதி காற்றையே குறிக்கிறது. தமிழில் காற்றில் ஆடுவது காற்றாடி. மற்றொரு சொல்லாகிய பட்டம் பல பொருள் தாங்கிய வடிவம்: அரசன் சூடுவதும் பட்டம், பல்கலைக்கழகம் வழங்குவதும் பட்டம், ஆடி மாத விதைப்புக் காலமும் பட்டம், நூலில் பறப்பதும் பட்டம். வகுப்பறையில் பலபொருள் ஒருசொல்லை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கிளந்தான், திரங்கானு முதலிய கிழக்குக்கரை மாநிலங்களில் வழங்கும் 'வாவ்' என்னும் பெயர் தனி ஆய்வுக்குரியது. அப்பட்டத்தின் வடிவம் ஜாவி எழுத்தாகிய 'வாவ்' போன்றிருப்பதால் அப்பெயர் வந்தது எனப் பலரும் விளக்குவர். ஆயினும் அண்டையிலுள்ள தாய்லாந்து மொழியிலும் பட்டத்துக்கு ஏறத்தாழ இதே ஒலியுடைய சொல்லே வழங்குகிறது. ஜாவி எழுத்தைப் பயன்படுத்தாத ஒரு மொழியிலும் அச்சொல் இருக்கும்போது, எழுத்து வடிவ விளக்கத்தை மட்டும் கொண்டு அமைதி அடைய இயலாது. அழகான விளக்கம் எல்லாம் வரலாறு ஆகிவிடாது என்பதை மாணவர் இங்கே கற்றுக்கொள்ளலாம்.

முச்சையும் தெராஜுவும்

பட்டம் நிலையாக நிற்பது அதன் உடலில் கட்டப்படும் இழைகளால்தான். அவ்விழைகள் கூடும் இடத்தில்தான் நீண்ட நூல் பிணைக்கப்படும். ஓர் இழை சற்றே நீண்டாலும் பட்டம் தலைகுப்புற விழும், குறுகினாலும் எழாது. இவ்விழைக் கட்டினை யாழ்ப்பாணத்தார் முச்சை என்பர். தமிழகத்தார் சூத்திரம் என்பர். மலாய்க்காரர் இதனைத் 'தெராஜு' என்பர். மலாயில் தெராஜு என்றால் துலாக்கோல் என்றும் பொருள். அது பாரசீகத்துத் 'தராசு' என்னும் சொல்லிலிருந்து வந்தது. தமிழர் கடைகளில் நிறுக்கும் தராசும் அதே மூலத்திலிருந்து வந்ததே. ஒரே சொல் இருவழியாகப் பயணம் செய்து, தமிழரிடம் வணிகத்தில் தங்கியது. மலாய்க்காரரிடம் வணிகத்தோடு வானத்துக்கும் ஏறியது. கப்பல், கடை, கட்டில், பெட்டி ஆகிய தமிழ்ச் சொற்கள் மலாய்க்குச் சென்ற கதையைப் பெருமையோடு கூறும் நாம், இவ்வாறு இரு மொழிகளும் ஒரே கிணற்றில் நீர் எடுத்த கதையையும் கூறவேண்டும்.

இன்னோர் ஒற்றுமை ஒலியில் உள்ளது. இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலை ஒட்டிக் கடற்கரையில் ஆண்டுதோறும் பட்டத் திருவிழா நடைபெறுகிறது. கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை எனப் பல வடிவங்களில் அங்கே பட்டங்கள் எழும். பட்டத்தின் மேற்புறத்தில் வில்போல் வளைத்து, நார் இழுத்துக் கட்டும் உறுப்புக்கு அவ்வூரார் இட்ட பெயர் 'விண்'. காற்றில் அது ஓயாமல் இசைக்கும். கிளந்தான் வாவின் தலையிலும் 'பூசூர்' எனப்படும் வில் கட்டப்படுகிறது. அதுவும் அவ்வாறே முரலும். இவ்விரு கரைகளிலும் உள்ளவர்கள் பட்டத்தைக் கண்ணால் மட்டும் துய்க்கவில்லை, காதாலும் துய்த்தனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இவ்விரு மரபினரும் சந்தித்த நிலம் நம்முடையது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து தமிழகத்துத் தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அலுவலர்களும் இங்கு வந்தனர். பிரிக்பீல்ட்ஸ் அவர்களின் குடியிருப்பாயிற்று. 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம் அக்காலத்துக்குச் சான்றாக நிற்கிறது. காற்றாடி என்றவரும் பட்டம் என்றவரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். அவர்களின் பெயரப்பிள்ளைகளுக்கு 'வாவ் பூலான்' என்பது பள்ளிப் பாடத்தின் வழியாக அறிமுகமாயிற்று. பூலான் என்றால் நிலவு. அப்பட்டத்தின் கீழ்ப்பகுதி பிறைபோல் அமைந்திருப்பதே அப்பெயருக்குக் காரணம். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் உயரமும் கொண்ட வாவ்கள் உண்டு. 1989இல் வெளிவந்த 50 சென் நாணயத்தில் வாவ் இடம்பெற்றது. மலேசிய விமான நிறுவனத்தின் சின்னமும் அதுவே.

நாணயத்தில் இருப்பது கையில் இருக்கிறதா என்பதே நம் கேள்வி. அடுக்குமாடிகளும் மின்கம்பிகளும் நெடுஞ்சாலைகளும் சூழ்ந்த பிரிக்பீல்ட்சில் நூல் விட இடமில்லை. கிள்ளானிலும் திடல்கள் சுருங்கின. எனினும் வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. கெப்போங்கில் உள்ள பெருநகரப் பூங்காவில் வார இறுதிகளில் எல்லா இனத்துக் குடும்பங்களும் பட்டம் விடுவதைக் காணலாம். ஜொகூரின் பாசிர் கூடாங்கில் அனைத்துலகப் பட்டத் திருவிழா நடந்து வருகிறது. ஆனால் அங்காடியில் வாங்கிய நெகிழிப் பட்டத்தைப் பறக்கவிடும் பிள்ளைக்கு முச்சை என்ற சொல் தேவைப்படுவதில்லை. மூங்கிலைப் பிளந்து, சீவி, எடை பார்த்து, தாள் ஒட்டி, இழை கட்டும் பிள்ளைக்கே அது தேவைப்படும். ஆகவே நாம் ஊக்குவிக்க வேண்டியது விடுதலை மட்டுமன்று, செய்தலையும்தான்.

பள்ளிகள் செய்யத்தக்கவை

தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளில் பட்டத்துக்கு இடம் தரலாம். அது மொழிப் பாடம் மட்டுமன்று. சமச்சீர், கோணம், விகிதம் ஆகியவற்றை மூங்கிற் சட்டம் கற்பிக்கும். அறிவியல் வரலாறும் அதில் உண்டு: 1894இல் ஆஸ்திரேலியாவில் லாரன்சு ஆர்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கொண்டு தம்மையே ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரம் தூக்கச் செய்தார், 1899இல் ரைட் உடன்பிறப்புகள் சிறகை முறுக்கித் திருப்பும் முறையை முதலில் ஒரு பட்டத்தில்தான் சோதித்தனர், 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் கடந்த வானொலிக் குறியைப் பெறுவதற்குத் தம் அலைவாங்கிக் கம்பியைப் பட்டத்தால் உயர்த்தினார்.

எச்சரிக்கையும் வேண்டும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் சென்னையில் வழிப்போக்கர் உயிரையும் குடித்திருக்கிறது. இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. நூலை அறுக்கும் போட்டியை விடுத்து, அழகு, உயரம், ஒலி ஆகியவற்றுக்குப் பரிசளிக்கும் வல்வெட்டித்துறை, கிளந்தான் மரபுகளே பள்ளிக்கு ஏற்றவை. பருத்தி நூல், மின்கம்பி இல்லாத திடல், மழைமேகம் இல்லாத பொழுது என்னும் மூன்றும் விதியாக இருக்கட்டும்.

ஆசிரியர்கள் இவ்வேலையைத் தமிழாசிரியர் ஒருவரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. வாவ் செய்யத் தெரிந்த மலாய்க் கைவினைஞர் ஒருவரைப் பள்ளிக்கு அழையுங்கள். பிள்ளைகள் ஒவ்வோர் உறுப்புக்கும் மலாய்ப் பெயரை அவரிடம் கேட்டு எழுதட்டும். அதன் அருகே தமிழ்ப் பெயரைத் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதட்டும். தெராஜுவுக்கு நேராக முச்சையும், பூசூருக்கு நேராக விண்ணும் அந்த ஏட்டில் இடம்பெறும். முதியோர் நினைவில் உள்ள சொற்களை இந்தத் தலைமுறை கேட்டு எழுதாவிட்டால், அடுத்த தலைமுறை கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார். மொழி மன்றத்துக்கு இதைவிட அவசரமான பணி வேறில்லை.