உமா ஓயாவும் ஊவாப் பெருந்தோட்டங்களும்: நீருரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆற்றுத் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் சமவெளியிலிருந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. எவ்வளவு நிலம் பாசனம் பெற்றது, எத்தனை குடும்பங்கள் குடியேறின, எவ்வளவு மின்சாரம் கிடைத்தது என்பனவே அதன் அளவுகோல்கள். நீர் பிறக்கும் மலையில் வாழ்வோர் அதில் இடம்பெறுவது அரிது. பதுளை மாவட்டத்தின் உமா ஓயாவை முன்வைத்து இக்குறையை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி கங்கையின் முக்கிய கிளையாறுகளுள் உமா ஓயாவும் ஒன்று. வெலிமடைப் பிரதேசத்தினூடாகப் பாய்ந்து ரன்தம்பேயில் அது மகாவலியுடன் கலக்கின்றது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் மலைக்காடுகளைத் தோட்ட முதலாளிகளுக்குத் திறந்துவிட்டது. கோப்பித் தோட்டங்களிலும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் பரவிய தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே. காடிழந்த சரிவுகளில் மண்ணரிப்பு பெருகிற்று. பின்வந்த காய்கறிச் செய்கை அதனை மேலும் மிகுவித்தது. 1990இல் நிறைவுற்ற ரன்தம்பே நீர்த்தேக்கம் உமா ஓயா கொணரும் வண்டலால் தூர்ந்து வந்தமை இவற்றின் விளைவேயாகும்.

துரித மகாவலித் திட்டம் 1977இல் தொடங்கப்பட்டது. விக்டோரியா அணை 1985இலும் ரந்தெனிகல அணை 1986இலும் திறக்கப்பட்டன. அவ்வணைகளின் கீழ் நிலமற்ற விவசாயிகளுக்குக் காணி பகிரப்பட்டது. அக்காலத்தில் மலையகத் தமிழருட் பெருந்தொகையினர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவராகவே இருந்தனர். நாடற்றோருக்கு அரச காணி ஏது? எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் இயற்றப்பட்டபோது, காணிப் பகிர்வின் பெரும்பகுதி முடிந்திருந்தது. குடியுரிமை தாமதமாக வந்தது; நிலமோ வரவேயில்லை.

இதன் அடுத்த அத்தியாயம் உமா ஓயா பல்நோக்குத் திட்டம். புகுல்பொல, டயரபா ஆகிய இடங்களில் அணைகள் கட்டப்பட்டன. அங்கிருந்து நீர் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, நிலத்தடி மின்நிலையத்தில் 120 மெகாவாற்று மின்னாற்றலை அளித்து, கிரிந்தி ஓயாப் படுகையைச் சேர்கின்றது. சுரங்கம் அகழப்படுகையில், 2014 டிசம்பரில், பாறை வெடிப்புகளினூடாக நிலத்தடி நீர் பெருமளவிற் கசிந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதியில் இறங்கினர். திட்டம் 2024 ஏப்ரல் 24இல் திறந்துவைக்கப்பட்டது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. இழப்பீடு வீட்டையும் காணியையும் கொண்டு கணிக்கப்படுமாயின், உறுதிப்பத்திரமில்லாத லயன் அறையில் வாழ்வோரின் இழப்பு எக்கணக்கிற் சேரும்? பீலித் தண்ணீரை நம்பிய குடும்பத்திற்கு ஊற்று வற்றுவது வாழ்வே வற்றுவதாகும். ஆயினும் அந்த ஊற்று எந்தப் பத்திரத்திலும் அவர்களுடையதன்று.

மலைநீர் வறண்ட நிலத்திற்குச் செல்வது தவறென்பது எமது வாதமன்று. வெல்லவாய விவசாயியும் வறியவரே. வறியவரை வறியவருக்கு எதிராக நிறுத்துவது நீதியாகாது. நீர் எங்கே சேருகின்றது என்பதோடு, எவர் வாழும் மலையிலிருந்து புறப்படுகின்றது என்பதும் கணக்கில் எழுதப்படல் வேண்டும். அது எழுதப்படாதவரை, அணைகளின் வரலாறு பாதி வரலாறேயாகும்.