ஓமக்குளத்துப் பள்ளியும் அதன் விடுதியும்

சிதம்பரத்தின் கல்வி வரலாறு என்றதும் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியும், அதிலிருந்து 1929இல் வளர்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும்தான் முதலில் பேசப்படும். அவற்றுக்கு முன்பே, 1916இல், ஓமக்குளத்தருகே நந்தனார் கல்விக் கழகம் தோன்றிவிட்டது. நந்தன் தீயில் இறங்கிய இடம் என்று ஊரார் சொல்லும் அந்த இடத்தில் அதை நிறுவியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, 1910இல் சிதம்பரம் வந்தவர். துறவி, சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர் என்று அவரைப் பலவாறு நினைவுகூர்கிறோம். ஆனால் படிப்புக்கே வழியில்லாத பிள்ளைகள் படித்துத் தேற என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடைதான் அவருடைய பணிகளில் பெரியது என்று நான் கருதுகிறேன். எழுத்தோடு உறைவிடமும் சோறும் தர வேண்டும் என்பதே அந்த விடை.

அந்த விடையின் அருமை அக்காலக் கிராமத்தைப் பார்த்தால் விளங்கும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை, கடனாலும் நிலமின்மையாலும் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த குடும்பங்களை அரசின் கண்முன் வைத்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கு மானியம் தரும் அரசாணை வந்தது. நல்ல ஆணைதான். ஆனால் வீராணமும் கொள்ளிடமும் பாயும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் நெல்வயல்களில் ஒரு பண்ணையாளின் மகனுக்கு வேலை ஐந்தாறு வயதிலேயே தொடங்கிவிடும். மாடு மேய்க்கவும், நடவுக்காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், அறுவடையில் சிந்திய நெல்லைப் பொறுக்கவும் அவன் வேண்டும். தகப்பன் வாங்கிய கடனுக்கு மகனின் உழைப்பும் ஈடு. பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ ஊர்த்தெருவிலோ இருந்தால் அந்தத் தெருவில் நடந்துபோவதே முதல் தடை. சேரிக்குள்ளேயே பள்ளி வந்தாலும் பண்ணையாரின் கூப்பிடு தூரத்தில்தான் பிள்ளை இருப்பான். சேர்ந்தவர்கள் இரண்டாம் வகுப்பைத் தாண்டுமுன் நின்றுபோனதற்கு அறிவுக்குறைவையோ ஆர்வமின்மையையோ காரணம் காட்டியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. விடுதி பிள்ளையை அந்தக் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் கொண்டுபோனது. வீட்டில் ஒரு வயிறு குறைந்ததால் பெற்றோருக்கும் பிள்ளையை அனுப்பத் துணிவு வந்தது.

சகஜானந்தருக்கு இது ஏட்டறிவாக வந்ததில்லை. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்த அவர் மதம் மாற மறுத்ததால் படிப்பு பாதியில் நின்றது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மிஷன் பள்ளிகள் இல்லையென்றால் அந்தத் தலைமுறையில் பலர் எழுத்தையே அறிந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடன் மறுக்கக் கூடாதது. ஆயினும் உறைவிடத்தோடு நிபந்தனையும் வந்தால் ஏழைப் பிள்ளைக்குப் பேரம் பேச வழியில்லை. கோலாப்பூரில் சாகு மகராஜ் 1901 முதல் சாதிவாரியாக மாணவர் விடுதிகள் கட்ட உதவியதும் இதே தேவையை உணர்ந்துதான். அங்கே மன்னர் கொடுத்தார். சிதம்பரத்தில் ஒரு துறவி வீடு வீடாகவும் அரசிடமும் கேட்டுக் கட்ட வேண்டியிருந்தது. 1926 முதல் சென்னை சட்டசபையில் அவர் இருந்ததைப் பள்ளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி நடத்துவது தீண்டாமையை நிலைப்படுத்தாதா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கனமான கேள்வி. 1919இல் ரயத் சிக்‌ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கிய பாவுராவ் பாட்டீல், சாத்தாரா விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாகத் தங்கவைத்து உண்ணவைத்தார். அது சிதம்பரம் எட்டாத உயரம் என்றே சொல்வேன். ஆனால் சிதம்பரம் வட்டாரத்தில் தனிப் பள்ளிக்கு மாற்றாக இருந்தது எது? 1924இல் பிறந்த எல். இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில் பகுதியில் படித்த பொதுப்பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தனித் தண்ணீர்ப் பானை இருந்தது. அதை அவர் உடைத்தார். பொதுப்பள்ளி பெயரளவில் திறந்திருந்தும் உள்ளே பானை பிரிந்தே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவரே 1952இல் கடலூரிலிருந்து முதல் மக்களவைக்குச் சென்றார். 1965இல் அமைந்த தீண்டாமை, பட்டியல் சாதியினர் கல்வி, பொருளாதார மேம்பாடு குறித்த குழுவுக்குத் தலைமையேற்று 1969இல் அறிக்கை தந்தார். அவமதிப்பில்லாத ஓரிடம் கிடைக்கும்வரை பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நந்தனார் பள்ளி அந்த இடத்தைக் கொடுத்தது.

இன்னொரு விமர்சனம், நந்தனின் பெயராலும் சைவ ஒழுக்கத்தாலும் நடந்த கல்வி, மாற வேண்டிய சமூகத்தை விட்டுவிட்டு மாணவனையே மாறச் சொன்னது என்பது. இதில் உண்மை உண்டு. புலாலையும் கள்ளையும் விடச் சொன்ன அறிவுரை, குற்றம் ஒடுக்கப்பட்டவனிடமே இருப்பதுபோல ஒலிக்கும். ஆனாலும் பெற்றோர் நம்பி ஒப்படைக்க அவர்களுக்குத் தெரிந்த, அவர்களுடைய ஒரு பெயர் வேண்டியிருந்தது. அங்கே கிடைத்த எழுத்தும் தேர்ச்சியும் அந்தச் சைவக் கோட்பாட்டுக்குள் அடைபடவுமில்லை.

1959இல் சகஜானந்தர் மறைந்தார். நந்தனார் ஆண்கள், பெண்கள் மேல்நிலைப் பள்ளிகள் பின்னர் அரசுப் பள்ளிகளாயின. 2023 தமிழக நிதிநிலை அறிக்கை, ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகள் உட்படப் பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. ஒரே தரத்தில் ஆசிரியரும் ஆய்வும் கிடைக்கும் என்ற வாதம் நியாயமானது; பானை பிரிந்த காலத்துக்குப் பிறகு பொதுத்துறைக்குள் வருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பள்ளி ஒரு துறையிடமும் விடுதி வேறொரு துறையிடமும் போனால், நடவுக்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பாத பிள்ளையைத் தேடிப் போவது யார் பொறுப்பு? விடுதிக் காப்பாளர் பணியிடம், சமையலர் சம்பளம், பள்ளிக்கென்று சேர்ந்த நிலம் ஆகியவை எந்தத் துறையின் கணக்கில் வரும் என்பதை எந்த இணைப்பு ஆணையும் முதல் பத்தியிலேயே சொல்லியாக வேண்டும்.